மகனுக்கு எதிர்ப்பொருள் சுரக்கவில்லை. கருவுற்றிருக்கும் மைத்துனியிடம் இப்போதே சொல்ல வேண்டுமா?

கேள்வி: சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு தந்தை

வணக்கம். எங்கள் மகனுக்கு மூன்று வயதாகிறது. ஏழு மாதம் வரை ஒரு குறையுமின்றி இருந்தவனுக்கு அதன்பின் காதில் சீழ் வடியத் தொடங்கியது; மூன்று முறை நிமோனியா வந்து மருத்துவமனையில் சேர்த்தோம். மும்பைத் தூசிதான் காரணம் என்று கேட்டுக் கேட்டே இரண்டு ஆண்டுகள் போய்விட்டன. சென்ற மாதம் ஒரு மருத்துவர் அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு டான்சிலே தெரியவில்லையே" என்றார். அதன்பின் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிருமிகளை எதிர்க்கும் எதிர்ப்பொருளான ஐஜிஜி மிகக் குறைவாகவும், எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளணுக்களான பி செல்கள் அநேகமாக இல்லாமலும் இருப்பது தெரிந்தது. எக்ஸ் குரோமோசோம் வழி, பெரும்பாலும் தாயிடமிருந்து ஆண் குழந்தைகளுக்கு வரும் அகாமாகுளோபுலினீமியா, அதாவது எதிர்ப்பொருள் சுரக்காத நோய் என்கிறார்கள். மரபணுச் சோதனை முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

என் மனைவியின் தம்பி நான்கு வயதில், திருநெல்வேலியில், நெஞ்சுச் சளியால் இறந்துபோனான். மனைவியின் தங்கைக்கு இப்போது ஆறாம் மாதம். பிரசவம் முடியட்டும், அதுவரை அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். என்ன செய்வது? மகனுக்கு ஆயுள் முழுவதும் இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்தின் எதிர்ப்பொருள்) ஏற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1: செம்பூரிலிருந்து ஒரு தாய்

ஆம் ஐயா, ஆயுள் முழுவதும்தான். என் மகனுக்குப் பதினொரு ஆண்டுகளாக ஏற்றுகிறோம். இன்று அவன் பள்ளியில் கபடி ஆடுகிறான். பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஐஜிஜி உடம்பில் மூன்று வாரத்தில் பாதியாகிவிடும் என்பதால், கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம் வரை, மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை தருவார்கள். முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், தலைவலி குறையும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வந்தபின் ஏற்றச் சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் மிக மெதுவாகத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் எண்ணையும் நான் ஒரு நோட்டில் ஒட்டி வைக்கிறேன்.

செலவுதான் பெரிய சுமை. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் உதவி கிடைக்குமா என்று பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் கேளுங்கள், அது அக்கொள்கையின் சிறப்பு மையங்களில் ஒன்று.

மறுமொழி 2: நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர்

பெரியவர்களின் அன்பு புரிகிறது. ஆனால் பிரசவம் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். நம் நாட்டில் பிறந்தவுடனேயே காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியும் போலியோ சொட்டு மருந்தும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டிலும் இருப்பவை உயிருள்ள கிருமிகள். சொட்டு மருந்திலுள்ள வைரஸ், எதிர்ப்பொருள் இல்லாத குழந்தையின் குடலில் நீண்டகாலம் தங்கி, அரிதாகக் கைகால் முடக்கத்தையும் உண்டாக்கக்கூடும்.

இந்நோயை 1952இல் புரூட்டன் என்ற அமெரிக்க மருத்துவர் முதன்முதலில் விவரித்தார். காரணமான பிடிகே மரபணு 1993இல் கண்டறியப்பட்டது. உங்கள் மனைவியின் தம்பியும் உங்கள் மகனும் இதே நோயால் பாதிக்கப்பட்டவர்களாயின் உங்கள் மாமியார், தனக்கு நோயின்றி, மாற்றமடைந்த அம்மரபணுவைச் சுமப்பவராகவே இருக்க வேண்டும். அப்படியெனில் தங்கையும் சுமப்பதற்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர் சுமந்தால், பிறக்கும் ஒவ்வோர் ஆண் குழந்தைக்கும் மீண்டும் பாதி வாய்ப்பு. யார் பிழையும் இதில் இல்லை என்பதை மாமியாரிடம் முதலில் சொல்லுங்கள்.

மகனின் மரபணு மாற்றம் இன்னதென்று தெரிந்தபின், தங்கையிடமும் அது உள்ளதா என்று சோதிக்கச் சிறிதளவு ரத்தமே போதும். முடிவு தாமதமானாலும், ஆண் குழந்தை பிறந்தால் உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிறுத்திவைத்து, குழந்தையின் ரத்தத்தில் பி செல்களை எண்ணிப் பார்க்கலாம். பரேலில் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும், கே.இ.எம். வளாகத்திலேயே தேசிய நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனமும் இருப்பது உங்களுக்கு வசதி.

இன்னொன்று: இம்யூனோகுளோபுலின் ஏற்றியபின் மகனுக்கு எடுக்கும் எதிர்ப்பொருள் சோதனைகளை நம்பிவிடாதீர்கள், அதில் தெரிவது கொடையாளர்களின் எதிர்ப்பொருள். வீட்டில் வேறு சிறு குழந்தை இருந்தால், அதனிடமிருந்து சொட்டு மருந்து வைரஸ் மகனுக்குத் தொற்றக்கூடும் என்பதால், அதற்கும் சொட்டு மருந்துக்குப் பதிலாகப் போலியோ ஊசி போடுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. வீட்டில் ஒன்றரை வயது மகள் இருக்கிறாள். போலியோ ஞாயிறையடுத்த நாட்களில் வாசலுக்கே வந்து சொட்டு மருந்து கொடுத்துவிட்டுப் போவார்கள், நாங்களும் மகிழ்ச்சியோடு அவள் விரலில் மை வைக்கச் சொல்வோம். இனி மருத்துவரிடம் கேட்டுவிட்டே கொடுப்போம். இன்றிரவு மனைவியே தங்கையிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். மாமியாரிடம் நான் பேசுகிறேன்.