ஸ்டேபிள்காயினுக்குத் தமிழ்ச்சொல்: நிலைக்காசா, இணைகாசா?

அன்பர்களுக்கு வணக்கம்.

நிதிப் புலனாய்வுப் பிரிவில் (எஃப்ஐயு) பதிவு பெற்ற ஒரு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் செயலியைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. ரூபாய் போட்டு யுஎஸ்டிடி, யுஎஸ்டிசி வாங்கும் பகுதியில் திரைக்குத் திரை 'ஸ்டேபிள்காயின்' (டாலர் போன்ற பணத்தின் மதிப்பையொட்டி ஓடும்படி செய்த கிரிப்டோ காசு) வருகிறது. பொத்தானில் 14 எழுத்துக்கு மேல் இடமில்லை. உதவிப் பக்கத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. கையில் இருப்பவை நிலைநாணயம், நிலைக்காசு, உறுதிக்காசு, நிலைமதிப்பு நாணயம். கடைசிச் சொல்லோடு 'வாங்கு' சேர்ந்தால் இடைவெளியோடு 15 எழுத்து, பொத்தானில் ஏறாது. ஒரு சொல் முடிவானால் அதையொட்டி டீபெக் (அந்த மதிப்பிலிருந்து விலகுவது), ரிடீம் (காசைக் கொடுத்துப் பணம் பெறுவது), ரிசர்வ் (காசுக்கு ஈடாக வைத்திருக்கும் சொத்து) ஆகியவற்றையும் முடித்துவிடலாம்.

— மொழிபெயர்ப்பாளர், அம்பத்தூர்

*

வணக்கம் அம்மா.

'நாணயம்' வேண்டாம் என்பேன். நம் ஊரில் 'நாணயமான ஆள்' என்றால் சொன்ன சொல் தவறாதவர். நிலைநாணயம் என்று பொத்தானில் போட்டால், விற்பவரே நற்சான்றிதழ் எழுதி ஒட்டிக்கொண்டது போல் ஆகிவிடும்.

'காசு' பொருந்தும். சோழர் கல்வெட்டுகளில் 'அன்றாடு நற்காசு' என்று வருகிறது: அன்றைக்குப் புழங்கிய நல்ல காசு. அன்றைய நிலவரம்தான் அதில் இருக்கிறது, நாளைக்கும் நன்றாக இருக்கும் என்ற வாக்குறுதி இல்லை. என் ஓட்டு நிலைக்காசுக்கு. ஒற்று மிகும், க் விட்டுவிடாதீர்கள்.

— தமிழாசிரியர் (ஓய்வு), நங்கநல்லூர்

*

> என் ஓட்டு நிலைக்காசுக்கு.

ஐயா, வாக்குறுதி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டு 'நிலை' என்று வைக்கிறீர்களே! அதைவிடப் பெரிய வாக்குறுதி எது?

2022 மே மாதம் டெர்ராயுஎஸ்டி 1 டாலரிலிருந்து சில நாட்களில் சில சென்ட்டுகளுக்கு விழுந்தது. அதன் பின்னால் டாலர் கையிருப்பு கிடையாது. லூனா என்ற இன்னொரு காசை அச்சடித்தும் அழித்தும் விலையைப் பிடித்து வைக்கும் கணக்குதான் இருந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியேறப் பார்த்தபோது லூனா வெள்ளமாக அச்சாகி இரண்டும் மூழ்கின. சரி, அது அல்காரிதம் வகை என்று தள்ளிவிடலாம். யுஎஸ்டிசி அப்படியல்ல, கையிருப்பு உள்ளது. 2023 மார்ச்சில் ஏறத்தாழ 4,000 கோடி டாலர் கையிருப்பில் 330 கோடி, மூடப்பட்ட சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டியது. வார இறுதி, வங்கிகள் மூடியிருந்தன, காசு மட்டும் 24 மணி நேரமும் கைமாறிக்கொண்டிருந்தது. விலை 88 சென்ட்டுக்குக் கீழே போய், வைப்புத்தொகை முழுவதற்கும் அமெரிக்க அரசு பொறுப்பேற்ற பிறகுதான் ஏறியது.

ஆக, நிலையாக இருப்பது இந்தக் காசுகளின் பொது இலக்கணம் அல்ல. 2014-இல் வந்த டெதர் (யுஎஸ்டிடி), 2017-இல் வந்த டாய், 2018-இல் வந்த யுஎஸ்டிசி எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்றுதான்: வேறொரு பணத்தின் மதிப்போடு இணைத்திருக்கிறார்கள். அதனால் 'இணைகாசு' என்று முன்மொழிகிறேன். எதோடு இணைத்தது என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளலாம்: டாலர் இணைகாசு, யூரோ இணைகாசு, தங்க இணைகாசு.

— மென்பொருள் சோதனையாளர், பெருங்குடி

*

'உண்டியல்' என்று பரிசீலித்தீர்களா? செட்டிநாட்டார் வணிகத்தில் உண்டியல் என்றால் ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் எடுத்துக்கொள்ளும் சீட்டு. இந்தக் காசும் கிட்டத்தட்ட அதுதான்.

— வாசகர், தி.நகர்

*

பொருத்தம்தான், ஆனால் ஆபத்தான பொருத்தம். இலங்கைத் தமிழர் வழக்கில் உண்டியல் என்றால் வங்கியைத் தொடாமல் பணம் அனுப்புவது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2023 மார்ச் 7 அறிவிக்கையால் எக்ஸ்சேஞ்சுகளைக் கொண்டுவந்ததே அந்த மாதிரிப் பாதையை அடைக்கத்தான். சென்னையிலோ கோயில் உண்டியல்தான் நினைவுக்கு வரும்.

இணைகாசை வழிமொழிகிறேன். காரணம் வரி, விலை இரண்டிலும் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், உதவிப் பக்கத்துக்கும் ஆகும்.

முதலில் விலை. இந்தக் காசு டாலரோடு இணைந்தது, ரூபாயோடு அல்ல. 'நிலைக்காசு' என்று படிக்கும் அண்ணாநகர்க்காரர் ரூபாயில் நிலையாக இருக்கும் என்றுதான் எடுத்துக்கொள்வார். எக்ஸ்சேஞ்சில் யுஎஸ்டிடியின் ரூபாய் விலை வங்கி டாலர் விலையைவிடக் கூடுதலாகவே ஓடுவது வழக்கம். வெளிநாட்டில் மலிவாக வாங்கி இங்கே கொண்டுவந்து விற்றுச் சமன்செய்ய யாராலும் எளிதில் முடியாது. இதற்கென்று வெளியே டாலர் அனுப்ப வங்கிகள் பொதுவாக இடம் கொடுப்பதில்லை, விற்கும் ஒவ்வொரு முறையும் டிடிஎஸ் (பணம் கைமாறும்போதே பிடிக்கும் வரி) வேறு. அந்தக் கூடுதல் ஏறி இறங்கும். டாலர் அசையாமல் இருந்தாலும் வாங்கியவருக்கு நட்டம் வரலாம்.

அடுத்து கணக்கு. 50,000 ரூபாய் போடுகிறார், கட்டணம் 0.5 சதவீதம், காசு விலை 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 250, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 45. மிச்சம் 49,705 ரூபாய்க்கு 540.27 காசு வரும். பிறகு 93 ரூபாய்க்கு விற்றால் 50,245. கட்டணமும் ஜிஎஸ்டியும் 296 போக 49,949. அதில் 1 சதவீத டிடிஎஸ் ஏறத்தாழ 499 பிடித்துக்கொண்டு 49,449 வங்கிக்கு வரும். வரி எதற்கு? விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசம் 540 ரூபாய்க்கு. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்கச் சட்டம் விடாது. 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத செஸ், சுமார் 168 ரூபாய். டிடிஎஸ்ஸில் மிச்சம் 331 ரிட்டர்ன் போட்டால் திரும்பும். கூட்டிப் பார்த்தால் கைக்கு வந்தது 49,780. காசின் விலை 1 ரூபாய் ஏறியும் ஆளுக்கு 220 ரூபாய் நட்டம்! இன்னொரு காசில் பட்ட நட்டத்தை இந்த லாபத்தில் கழிக்கவும் முடியாது.

அம்மா கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: ரூபாய் கொடுத்து வாங்கும்போது டிடிஎஸ் விற்பவர் தலையில். ஆனால் கையிலுள்ள யுஎஸ்டிடியைக் கொடுத்து பிட்காயின் வாங்கினால், யுஎஸ்டிடியை விற்றதாகத்தான் கணக்கு. அங்கே இவருக்கும் 1 சதவீதம் பிடிக்கும், லாபம் இருந்தால் 30 சதவீதமும் உண்டு. அந்தப் பொத்தானுக்கு 'மாற்று' என்று மட்டும் போட்டால், சில்லறை மாற்றுவது போல வரியில்லாத வேலை என்று நினைத்துவிடுவார்கள். 'விற்று வாங்கு' என்று போடுங்கள்.

வரிப் பக்கத்தில் இணைகாசு என்று தனிப்பிரிவு கிடையாது. வருமான வரிச் சட்டத்தில் 2022-இல் சேர்த்த விளக்கப்படி எல்லாமே மெய்நிகர் எண்முறைச் சொத்து. இந்திய ரூபாயும் அயல்நாட்டுப் பணமும் அந்த விளக்கத்துக்கு வெளியே. 2025 அக்டோபரில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷும் கிரிப்டோ என்பது சொத்து, பணம் அல்ல, நம்பிக்கையின் பேரில் பிறர் வசம் வைக்கத்தக்கது என்றே தீர்ப்பளித்தார். எனவே பேரினம் 'சொத்து', அதில் ஒரு வகை 'இணைகாசு'. பிரிவு எண்களைத் திரையில் போட வேண்டாம்: 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், எண்கள் எல்லாம் மாறுகின்றன.

— வரி ஆலோசகர், மயிலாப்பூர்

*

மெத்த நன்றி. இணைகாசு எனக்கும் இனிக்கிறது, இலக்கணத்திலும் சரி. இது வினைத்தொகை: இணைத்த காசு, இணைக்கின்ற காசு, இணைக்கும் காசு. வினைத்தொகையில் ஒற்று மிகாது, எனவே 'இணைக்காசு' என்று எழுதக் கூடாது. காலம் மறைந்து நிற்பதும் வசதியாகப் போயிற்று. நேற்று இணைத்திருந்தது என்பதைச் சொல்லும், நாளைக்கு உத்தரவாதம் தராது. என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன்.

டீபெக்: 'இணை நழுவல்'. 'இணை அறுதல்' என்றால் திரும்பாது என்று ஆகிவிடும். யுஎஸ்டிசி திரும்பியதே. ரிசர்வுக்குக் 'கையிருப்பு' இருக்க வேறெதற்கு?

— நங்கநல்லூர்

*

சரி, இணைகாசு, இணை நழுவல், கையிருப்பு எழுதிக்கொண்டேன். ரிடீமுக்கு 'மீட்பு' என்று ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறேன். 'உங்கள் காசை மீட்டு ரூபாயாக்குங்கள்' என்று ஒரு வரி. சரிதானா?

இன்னொன்று. பயனர் கேள்விகளில் பாதிக்கு மேல் 'பெயர் பொருந்தவில்லை' என்ற பிழைச் செய்தியைப் பற்றித்தான். வேறு எப்படி எழுதலாம்?

— அம்பத்தூர்

*

மீட்பு வேண்டாம். மீட்பது என்றால் காசை வெளியிட்ட நிறுவனத்திடமே கொடுத்து டாலர் வாங்குவது. டெதரிடம் நேரடியாக மீட்க குறைந்தது 1,00,000 டாலர் வேண்டும். யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிளின் அந்தக் கதவு நிறுவனங்களுக்கு மட்டும். நம் பயனர் செய்வது எக்ஸ்சேஞ்சில் இன்னொருவருக்கு விற்பது, எனவே வெறும் 'விற்பு'. நெருக்கடி நாளில் இந்த வித்தியாசம்தான் கணக்கைத் தீர்மானிக்கும்: மீட்கக்கூடியவருக்கு 1 டாலர், விற்க மட்டுமே முடிந்தவருக்கு அன்றைய சந்தை கொடுப்பது.

பெயர்ப் பிழை நம் மாநிலத்துக்கே உரிய தலைவலி. பான் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள், 'முருகன் கந்தசாமி' என்று அட்டை வரும். வங்கிப் புத்தகத்தில் 'க. முருகன்'. கணக்கைச் சரிபார்க்க எக்ஸ்சேஞ்ச் 1 ரூபாய் அனுப்பும்போது வங்கி திருப்பிச் சொல்லும் பெயரை பான் பெயரோடு ஒப்பிடும். இயந்திரத்துக்கு க-வும் கந்தசாமியும் வேறு வேறு ஆள். ஆதாரில் இன்னொரு விதமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். திருத்தச் சுலபமான இடம் வங்கிக் கிளை: பான் நகல் கொடுத்து, பெயரை விரித்துப் பதியச் சொல்ல வேண்டும். செய்தியை இப்படி எழுதலாம்: 'பான் அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் வேறாக உள்ளது. முன்னெழுத்து விரித்து எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வங்கியில் திருத்திய பின் மீண்டும் முயலுங்கள்.'

அதோடு 'பிறர் கணக்கிலிருந்து போட்ட பணம் ஏற்கப்படாது' என்பதையும் பணம் போடும் திரையிலேயே பெரிதாகப் போடுங்கள். மனைவியின் யுபிஐ-யிலிருந்து கணவர் கணக்குக்குப் போட்டால் நிற்கும். திரும்பி வரச் சில நாள் ஆகும். இந்தக் கண்டிப்பு எரிச்சலாகத் தெரியும், ஆனால் முகம் தெரியாதவரிடம் நேரடியாக வாங்கி விற்பவர்கள் படும் பாட்டைப் பார்த்தால் புரியும். விற்ற காசுக்கு வந்த பணம் எங்கோ ஏமாற்றிப் பறித்ததாக இருந்தால், பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்ததும் பணம் போன வழியெல்லாம் கணக்குகள் முடங்கும். கடைசியில் அந்தப் பணத்தைப் பெற்றவர் யோக்கியர் என்றாலும் கணக்கு முடங்கியது முடங்கியதுதான்.

— மயிலாப்பூர்

*

'வித்டிரா' பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரே சொல், இங்கே இரண்டு வேலை. ரூபாயை எடுப்பதற்கு 'வங்கிக்கு மாற்று', காசை வேறு வாலட்டுக்கு விடுவதற்கு 'வெளியே அனுப்பு'. இரண்டுக்கும் 'எடு' என்று போட்டால் யாராவது தவறான பொத்தானை அழுத்துவார்கள். முன்னது பிசகினால் வங்கி திருப்பித் தரும், பின்னதை யாராலும் திருப்ப முடியாது.

வெளியே அனுப்பும் திரையில் எச்சரிக்கை தேவை. ஒரே யுஎஸ்டிடி டிரான், எத்திரியம் போன்ற பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. டிரான் முகவரி டி எழுத்தில் தொடங்கி 34 எழுத்து இருக்கும், எத்திரியம் முகவரி பூஜ்யம்-எக்ஸில் தொடங்கி 42. இவை இரண்டும் குழம்பினால் செயலியே தடுத்துவிடும். வம்பு வேறிடத்தில்: இஆர்சி-20 (எத்திரியம்), பிஇபி-20 (பிஎன்பி செயின்) இரண்டுக்கும் முகவரி அமைப்பு ஒன்றே. தவறான நெட்வொர்க்கில் அனுப்பினாலும் செயலி சத்தமில்லாமல் அனுப்பிவிடும், போய்ச் சேர்ந்த எக்ஸ்சேஞ்ச் அந்த நெட்வொர்க்கை ஆதரிக்காவிட்டால் வரவில் காட்டாது. சிறு தொகை அனுப்பிச் சோதித்த பிறகு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்கள். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்க வேண்டாம் என்றும் சேருங்கள்: முதலும் கடைசியும் ஒத்த போலி முகவரியிலிருந்து பூஜ்யத் தொகை அனுப்பிப் பட்டியலில் நுழைந்துகொள்வது பழகிப்போன தந்திரம்.

— பெருங்குடி

*

இரண்டையும் ஏற்றுவிட்டேன். 'இணைகாசு வாங்கு' இடைவெளியோடு 8 எழுத்து, தாராளமாக அடங்குகிறது. வாங்கும் திரையில் விலைக்குக் கீழே 'டாலரோடு இணைந்தது. ரூபாய் விலை மாறும்' என்று ஒரு வரி சேர்த்தாயிற்று. நெட்வொர்க்குக்கு 'வலைப்பின்னல்' போடலாமா?

— அம்பத்தூர்

*

வேண்டாம், நெட்வொர்க் என்றே விடுங்கள். டிஆர்சி-20 (டிரான்), இஆர்சி-20 பெயர்களையும் தொடாதீர்கள். பெறுபவரின் வாலட்டில் அந்தச் சொல்தான் இருக்கும், இரண்டு திரையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்துத்தான் அனுப்பியாக வேண்டும்.

— பெருங்குடி