கொடைக்கானலில் மாத வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா?

வணக்கம். இங்கே ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்க்கிறேன். மூஞ்சிக்கல் பக்கம் நாங்கள் நான்கு பேர் இருந்த அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஏப்ரல், மே சீசன் அல்லவா, டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் எங்கள் மாத வாடகை நாலே நாளில் வந்துவிடும். வீட்டுக்காரரைக் குறை சொல்லியும் பயனில்லை.

இப்போது ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறோம். விடியற்காலையில் பாய்க்கு அடியில் தரை ஈரமாகிவிடுகிறது.

நாயுடுபுரம் பக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். பெருமாள்மலை சரிப்படாது, வேலை முடியவே இரவு பதினொன்று, அப்புறம் பஸ்ஸுக்கு எங்கே போவது? ஜூன் கடைசி வரை போதும். ஒரு மாத அட்வான்ஸ் தருகிறோம். ஹீட்டர் எல்லாம் வேண்டாம், கதவில் தாழ்ப்பாள் இருந்தால் சரி.