நான்கு டிராக் கேசட்டைக் கணினியில் ஏற்ற உதவி தேவை

நண்பர்களே, வீட்டில் நான்கு டிராக் ரெக்கார்டரில் (ஒரே நாடாவில் நான்கு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் கருவி) பதிவு செய்த பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற வேண்டும். ரெக்கார்டர் இப்போது ஓடுவதில்லை. சாதாரண டெக்கில் போட்டால் இரண்டு டிராக் மட்டும் பாதி வேகத்தில் இழுத்துக்கொண்டு பாடுகின்றன. பதிவானது வினாடிக்கு 9.5 செ.மீ. வேகத்தில், டெக் ஓடுவதோ 4.76. திருப்பிப் போட்டால் மற்ற இரண்டும் பின்னோக்கி ஒலிக்கின்றன, பேய்ப் படம் மாதிரி! சரி, இரு பக்கத்தையும் தனித்தனியாக எடுத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, வேகத்தை இரட்டிப்பாக்கி ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சேர்க்கலாம். ஆனால் டெக் மோட்டார் அவ்வளவு சீராக ஓடாதே, போகப் போகத் தாளம் விலகுமே? யாராவது இப்படிச் சேர்த்திருக்கிறீர்களா? அப்புறம், இவை டிபிஎக்ஸ் இரைச்சல் குறைப்போடு பதிவானவை. அதை மென்பொருளிலேயே சரிசெய்ய முடியுமா? இல்லை, ரெக்கார்டரைப் பழுதுபார்த்து, நான்கு உள்ளீடுள்ள ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் கருவி) ஒரே ஓட்டத்தில் எடுப்பதுதான் நல்லதா? பெல்ட் மாற்றத் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.