ஏற்றத்தில் முன் கியர் மாறாமல் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

தலவாக்கலைத் தம்பி
போன மாதம் ஒரு ஞாயிறு, லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறினேன். நானுஓயா தாண்டிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும்தானே. முன்னால் மூன்று பல்சக்கரம் உள்ள சைக்கிள். நடுவிலிருந்து சின்னதற்குப் போட இடது கை ஷிப்டரை அழுத்தினேன், டக் என்று சத்தம் வந்தது, செயின் அசையவே இல்லை. இன்னும் பலமாக மிதித்தேன். மூன்று நான்கு மிதிக்குப் பிறகு செயின் திடீரென்று பாய்ந்து, சின்னதையும் தாண்டி உள்பக்கம் விழுந்துவிட்டது. கால் வெறுமையாகச் சுற்றியது, தொடை பாரில் அடித்தது, பின்னால் பஸ் ஹார்ன். அந்த நொடி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பிரேமுக்கும் பல்லுக்கும் நடுவில் இறுகிக் கிடந்த செயினை எடுக்க அரை மணி நேரம் ஆனது. வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சுற்றினால் ஒழுங்காக மாறுகிறது. ஏற்றத்தில் மட்டும் ஏன்?

பண்டாரவளை
எனக்கு இது வெளிப்பக்கமாக நடந்தது. ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் இறங்கும்போது பெரியதற்குப் போட்டேன், செயின் அதையும் தாண்டி, பெடல் பூட்டியிருக்கும் கிராங்கில் சுற்றிக்கொண்டது. புது வெள்ளைக் காற்சட்டை முழுக்கக் கறுப்பு எண்ணெய். கடைக்காரர், செயின் வெளிப்பக்கம் எவ்வளவு போகலாம் என்று கட்டுப்படுத்தும், எச் என்று எழுதியிருந்த ஸ்குரூவை அரைச் சுற்று இறுக்கினார், அவ்வளவுதான். உங்களுக்கு உள்பக்கத்தைக் கட்டுப்படுத்தும் எல் ஸ்குரூ தளர்ந்திருக்கிறது தம்பி. முதலில் அதை இறுக்குங்கள், வேறு எதையும் தொட வேண்டாம்.

ஹட்டன் அண்ணன்
பண்டாரவளை நண்பர் சொல்வதில் பாதிதான் சரி. உள்ளே விழுந்ததற்கு எல் ஸ்குரூ காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் மாறவே இல்லை என்று தம்பி எழுதியிருக்கிறாரே, அதற்கு அந்த ஸ்குரூவை இறுக்கினால் இன்னும் மோசமாகும். போன வருடம் நன்றாக வேலை செய்து இப்போது செய்யவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது ஷிப்டரிலிருந்து வரும் கேபிளைத்தான். நோர்வூட் பக்கம் மழையில் எனக்கும் இதே மாதிரி மாட்டி, சைக்கிளை வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

சின்னதற்கு இறங்கும்போது செயினைத் தள்ளுவது நம் கை இல்லை, செயினைப் பல் மாற்றும் டெரேலியருக்குள் இருக்கும் ஸ்பிரிங். நாம் கேபிளை விடுகிறோம், ஸ்பிரிங் உள்ளே இழுக்கிறது. கேபிள் ஓடும் உறையான அவுட்டருக்குள் துரு இருந்தால் கேபிள் நகராது, நகரும்போது ஒரேயடியாக நகரும், செயின் பாயும். மே மாதத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் பெய்யும் மழையில் ஒரு சீசனுக்குள் அவுட்டர் துருப்பிடித்துவிடும். பெடல் அச்சுக்குக் கீழே கேபிள் ஓடும் பிளாஸ்டிக் துண்டையும் பாருங்கள், தோட்டத்து ரோட்டுச் சேறு முழுக்க அங்கேதான் போய் அடைகிறது.

ஏற்றத்தில் மட்டும் ஏன் என்றால், பின் கியர் மாறுவது செயினின் தொய்ந்த கீழ்ப்பக்கத்தில். முன் கியர் மாறுவது மேல்பக்கத்தில், நாம் மிதிக்கும் பலம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பலமாக மிதித்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சின்ன ஸ்பிரிங் எப்படித் தள்ளும்? அதனால் ஏற்றம் தொடங்க முன்பே மாற்றிவிட வேண்டும். மாற்றும் அந்த ஒரு சுற்று காலை லேசாக்கிச் சுற்றுங்கள், ஆனால் நிறுத்தக்கூடாது.

சரிசெய்யும்போது கேபிளைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். முன்னால் சின்னது, பின்னால் ஆகப் பெரியது. டெரேலியரில் செயின் நுழைந்து போகும் கூட்டின் உள்தகடு செயினில் உரசாமல் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி எல் ஸ்குரூவைத் திருப்பி வையுங்கள், பிறகு கேபிளைப் பூட்டுங்கள். கூட்டின் வெளித்தகடு பெரிய பல்லுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டரில், பல்லுக்கு நேராக இருக்க வேண்டும். புதுக் கேபிள் போட்டால் சில நாளில் கொஞ்சம் தளரும், திரும்ப இழுத்துக் கட்டுங்கள்.

புசல்லாவை அக்கா
அண்ணா சொன்ன எல்லாவற்றையும் நான் செய்து பார்த்தேன். இரண்டு கடையில் ஸ்குரூ திருப்பினார்கள், கேபிளும் மாற்றினேன், றம்பொடை ஏற்றத்தில் திரும்பவும் உரசல், திரும்பவும் செயின் கீழே. மூன்றாவதாகப் போன இடத்தில் வயதான ஒரு பாஸ், ஒரு கருவியும் எடுக்கவில்லை. காதில் சொருகியிருந்த பென்சிலை பிரேமில் அழுத்திப் பிடித்து, அதன் நுனியைப் பல்லருகே வைத்து, பெடலைப் பின்னால் சுற்றினார். பென்சிலுக்கும் பல்லுக்கும் நடுவில் இருந்த வெளிச்சம் ஒரு பக்கம் அகலமாகி, மறுபக்கம் மறைந்துபோனது. “இங்க பாருங்க மகள்” என்று மட்டும் சொன்னார். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் கையிலேயே தெரிந்தது, அச்சின் பெயரிங் போயிருந்தது. அச்சே ஆடினால் எந்த ஸ்குரூ நிற்கும்? இரண்டு வருடம் அதோடு ஓட்டியிருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. தம்பி, முதலில் கிராங்கை ஆட்டிப் பாருங்கள்.

தலவாக்கலைத் தம்பி
ஆட்டிப் பார்த்தேன் அக்கா, ஆடவில்லை. அப்புறம் அண்ணன் சொன்னபடி கேபிளைக் கழற்றினேன். கையால் இழுத்தாலே அவுட்டருக்குள் சறுக்கவில்லை, வெளியே எடுத்தபோது ஒரு விரல் நீளத்துக்குச் செந்துரு, கீழே பிளாஸ்டிக் துண்டில் காய்ந்த சேறு. எல் ஸ்குரூவும் தளர்வாகத்தான் இருந்தது, பண்டாரவளை அண்ணாவும் தப்பாகச் சொல்லவில்லை. இன்னர் கேபிள் இங்கே டவுனில் கிடைத்தது. கியருக்கான அவுட்டர் இல்லை, பிரேக் அவுட்டரைத்தான் தருகிறார்கள். ஹட்டனில் அளந்து வெட்டிக் கொடுக்கும் கடை இருந்தால் சொல்லுங்கள் அண்ணா, சனிக்கிழமை வருகிறேன்.