ஒரே கைபேசி எண் இருமுறை பதிவாவதைத் தடுப்பது எப்படி?

மாட்டுங்கா வாசி:
வணக்கம். மும்பையில் எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் உறுப்பினர் பதிவுக்காக ஜாங்கோ என்ற வலைச் சட்டகமும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் கொண்டு ஒரு வலைச் செயலி எழுதியிருக்கிறேன். படிவத்தைச் சேமிக்கும் முன் அந்தக் கைபேசி எண் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மட்டுமே பதிவு செய்கிறேன். அப்படியிருந்தும் பொங்கல் விழாப் பதிவு தொடங்கிய மாலையில் ஒரே எண் இரண்டு வரிசைகளில் ஏறி, ஒரே வீட்டுக்கு இரண்டு உறுப்பினர் அட்டைகள் போய்விட்டன. பதிவான நேரங்களுக்கு இடையே ஒரு நொடிகூட இல்லை. மேலும், பழைய உறுப்பினர் முகவரியை மட்டும் திருத்தினாலும் ‘இந்த எண் ஏற்கெனவே உள்ளது’ என்று செயலி மறுக்கிறது. எங்கே தவறு செய்கிறேன்?

செம்பூர் நிரலாளர்:
நீங்கள் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே இருக்கும் சிறு இடைவெளிதான் காரணம். இணையம் மெதுவாக இருக்கும்போது ஒருவர் பொத்தானை இருமுறை தட்டினால், இரண்டு கோரிக்கைகளும் ‘எண் இல்லை’ என்ற ஒரே விடையைப் பெற்று, இரண்டுமே எழுதிவிடுகின்றன. நிரலில் எத்தனை முறை சோதித்தாலும் இந்த இடைவெளி அடைபடாது; முடிவைத் தரவுத்தளத்திடமே விட வேண்டும். அந்தப் புலத்துக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் விதி, வையுங்கள். இரண்டாவதாக வரும் பதிவை போஸ்ட்கிரெஸ் 23505 என்ற பிழையுடன் திருப்பிவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்றால் அந்தப் பிழையின் எண் 1062. ஜாங்கோவில் அதை இன்டெக்ரிட்டி எரர் என்ற பிழை வகையாகப் பிடித்து, பயனருக்குப் புரியும் செய்தியாகக் காட்டுங்கள். சேமிக்கும் வரியைத் தனி அட்டாமிக் தொகுதிக்குள் (முழுதாக நடக்கும், இல்லையேல் முழுதாக ரத்தாகும் பகுதி) வைக்க மறக்காதீர்கள். இல்லையேல் பிழைக்குப் பின் அந்தப் பரிவர்த்தனையில் வேறு எந்த வினவலும் ஓடாது. முன்சோதனையையும் நீக்க வேண்டாம், பயனருக்கு அது உடனே விடை சொல்கிறது. திருத்தும்போது மட்டும் அவருடைய சொந்த வரிசையை அந்த வினவலிலிருந்து விலக்கிவிடுங்கள்.

சயான் கோளிவாடா:
மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எண்ணை ஒரே வடிவுக்குக் கொண்டுவராமல் கட்டுப்பாடு வைத்தால் பயனில்லை. +91 சேர்த்ததும், முன்னால் 0 இட்டதும், நடுவில் இடைவெளி விட்டதும் தரவுத்தளத்துக்கு மூன்று வெவ்வேறு மதிப்புகளே. தமிழில் பயனர்பெயர் வாங்குகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘கோமதி’ என்பதில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் வரலாம், ஏகாரக் குறியும் கால்குறியுமாகப் பிரிந்து இரண்டாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சேமிக்கும் முன் இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி என்ற யூனிகோடு வடிவுக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் 13 முதல் அதற்கான செயற்கூறு தரவுத்தளத்திலேயே இருக்கிறது.

இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன்: கைபேசி எண் ஒருவருக்கு ஒன்று என்பது உங்கள் சங்கத்துக்குப் பொருந்துமா? எங்கள் பக்கத்தில் பல பெரியவர்கள் மகனின் எண்ணையே கொடுக்கிறார்கள். அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவது சரியாகாது.

மாட்டுங்கா வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. கட்டுப்பாட்டைச் சேர்க்க முயன்றபோது பழைய இரட்டைப் பதிவுகள் இருந்ததால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிட்டது. எண்வாரியாகத் தொகுத்து, ஒன்றுக்கு மேல் வந்தவற்றை எடுத்துப் பார்த்தேன். பாதி உண்மையான இரட்டைப் பதிவுகள். மீதி, நீங்கள் சொன்னதுபோல் தந்தையும் மகனும். ஆகவே எண்ணையும் பெயரையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒரே கட்டுப்பாடாக வைத்துவிட்டேன். மூன்று புலங்களும் கட்டாயம் நிரப்ப வேண்டியவை.