தைப்பிங் வீட்டார் குழு: ஆகஸ்ட் 31-க்கு எந்தப் படம்?

[இரவு 8:04] நான்: அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 31, மலேசிய தேசிய நாள் விடுமுறை. செல்வி அத்தைக்கும் மாமாவுக்கும் அன்று 40-ஆம் திருமண நாள். சாப்பாடு பினாங்குத் தீவின் பாயான் பாருவில், அவர்கள் மகள் தேவி அக்கா வீட்டில் என்பது முடிவாகிவிட்டது. சாப்பிட்ட பிறகு கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி ஒரு படம் போடலாமா? என் விருப்பம் ‘மௌன ராகம்’.

[8:06] தேவி அக்கா: நல்ல நாளும் அதுவுமாக விவாகரத்துக் கேட்கிற பெண்ணின் கதையா, கவி? அம்மா மனத்தில் என்ன நினைப்பார்?

[8:07] தம்பி பிரகாஷ்: பாட்டுக்காகவே போடலாம் அக்கா. இளையராஜாவும் வாலியும். ‘நிலாவே வா’ ஒன்று போதும், மாமா எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

[8:11] நான்: பாட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. அந்தப் படம் 1986 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. அத்தையின் திருமணம் அதே ஆண்டு, அதே மாதம் 31. பதினாறே நாள் இடைவெளி. அக்கா, அதில் கணவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். டில்லிக்கு அழைத்துவந்த மனைவியிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்கிறான். விவாகரத்து வேண்டும் என்கிறாள். நீ தொட்டால் கம்பளிப்பூச்சி ஊர்வது போலிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுகிறாள். அதற்குப் பிறகும் அவன் குரல் உயரவில்லை. அவள் கேட்டதைக் கொடுக்க வழி பார்க்கிறான். இப்படி ஓர் ஆணை அதற்கு முன் நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

[8:15] தேவி அக்கா: எனக்கு அந்தப் படத்தின் மேல் ஆறாத கோபம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் தெளிவாக வேண்டாம் என்றாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததும் அவள் வாயாலேயே சரி என்று சொல்ல வைத்துவிட்டார்கள். பிறகு அவள் மனம் மாறியதைக் காட்டி நம்மைக் கைதட்டச் சொல்கிறார்கள்.

[8:19] நான்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் படம் அந்தக் கோபத்தை அவளிடமிருந்து பிடுங்கவில்லை. யாரும் அவளுக்குப் பத்தினிகளின் கதை சொல்லித் திருத்தவில்லை. ஒரே வீட்டில், வேறு வேறு அறைக் கதவுகளைப் பார்த்துக்கொண்டே நாள்கள் போகின்றன. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் அந்த மங்கலான வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரியும். மறு பாதி என்ன நினைக்கிறது என்று நாம்தான் தேடவேண்டும்.

[8:24] சிவா அண்ணன்: வேலை முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். படத்தில் வழக்கறிஞர், ஓராண்டு சேர்ந்திருக்க வேண்டும் என்பார். அது இந்தியாவின் இந்து திருமணச் சட்டம். நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருமணமாகி 2 ஆண்டுகள் ஆகும்வரை பொதுவாக விவாகரத்து மனுப் போட முடியாது. ஒருவர் மட்டும் மனுப் போடுவதென்றால், பெரும்பாலும் முதலில் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்கும் போகவேண்டும்.

[8:25] தம்பி பிரகாஷ்: இரண்டு ஆண்டா! படம் இங்கே எடுத்திருந்தால் இரண்டு பாகம் ஆகியிருக்கும்.

[8:29] சிவா அண்ணன்: அந்தக் காத்திருப்பு எல்லோரையும் சேர்த்துவைக்காது தம்பி. சிலருக்கு அது வெறும் தண்டனைதான், சீக்கிரம் பிரிவதே நல்லது என்று தோன்றும். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு தம்பதி வந்திருந்தார்கள். மனைவியின் அடையாள அட்டை நகல் கோப்பில் இல்லை. அந்த அம்மாள் கைப்பையில் தேடிக்கொண்டிருந்தார். கணவர் ஒன்றும் பேசாமல் தன் பணப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார். அந்த அம்மாளுடைய நகல்தான். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. எத்தனை ஆண்டாக வைத்திருந்தாரோ. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

[8:30] தேவி அக்கா: பிறகு?

[8:30] சிவா அண்ணன்: பிரிந்துவிட்டார்கள் அக்கா.

[8:37] பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:38] நான்: பெரியம்மா, என்ன எழுதினீர்கள்?

[8:46] பெரியம்மா: எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். செல்வி என்னை மன்னிக்கட்டும். நாற்பது ஆண்டு ஆகிவிட்டது, பிள்ளைகளுக்குத் தெரிந்தால் என்ன. 1987 தைப்பூசம் முடிந்த வாரம் செல்வி ஒரு பையோடு தைப்பிங் வந்துவிட்டாள். இனிப் போகமாட்டேன் என்றாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வந்தார். தைப்பிங் மழை தெரியுமல்லவா? தலை முதல் கால்வரை நனைந்திருந்தார். என் வீட்டுக்காரரின் கைலியைக் கொடுத்தேன். கூடத்தில் மாமனாரோடு உட்கார்ந்து ரப்பர் விலை பேசினார். செல்வியை அழைக்கவில்லை. கிளம்பும்போது ஜாதிக்காய் ஊறல் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தார். அவள் அதை விரும்பித் தின்பாளாம். மறு ஞாயிறும் வந்தார், அதே பொட்டலம். மூன்றாவது ஞாயிறு நான் காப்பி எடுத்துப்போனால், செல்வி சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

[8:47] தேவி அக்கா: அம்மா வீட்டைவிட்டுப் போனாரா? எனக்கு இத்தனை நாள் தெரியாதே.

[8:59] செல்வி அத்தை: அண்ணி எழுதிவிட்டார்கள். மீதியை நானே சொல்கிறேன். தேவி, உன் அப்பா மேல் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு வேறு யார் மீதும் மனம் இருந்ததும் இல்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஆறாம் படிவம் முடித்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்றிருந்தேன், அதற்குள் திருமணம். ஆயிர் ஈத்தாமில் வாடகைக்கு ஓர் அறை. அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுப்பார். சன்னலில் கறுப்புத் துணி. கரண்டியைக்கூடச் சத்தம் வராமல் வைப்பேன். பேச ஆளில்லாமல் என் குரலே எனக்கு மறந்துவிடும் போலிருந்தது. ஒரு நாள், போகிறேன் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்.

[9:03] செல்வி அத்தை: அப்போதெல்லாம் தீவிலிருந்து எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் காசு கிடையாது. பட்டர்வொர்த்தில் ஏறுபவர்கள்தான் கட்டவேண்டும். ரயில் நிலையம் பக்கத்திலேயே. டிக்கெட் வாங்கிக் கொடுத்து, சன்னலோர இருக்கை பார்த்து உட்காரவைத்துவிட்டுத் திரும்பினார். மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தபோது ஃபெரிக்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, போகும்போது இலவசம், திரும்பி வரத்தான் காசு கேட்கிறார்கள் என்றார். திருமணமாகி அன்றுதான் அவர் பேச்சுக்கு நான் முதன்முதலாகச் சிரித்தேன். அந்த மாதமே பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.

[9:05] நான்: அத்தை, படம் எப்போது பார்த்தீர்கள்?

[9:12] செல்வி அத்தை: அதே ஆண்டு. வாடகைக்குக் கேசட் எடுத்துவந்தார். கதை என்னவென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ரேவதிக்கு அப்போது இருபது வயதிருக்கும், எனக்கும் அதே வயது. அவள் பேசப் பேச எனக்கு உடம்பு கூசியது, என் வாயிலிருந்து வரவேண்டியதெல்லாம் அவள் வாயிலிருந்து வருகிறதே என்று. கடைசியில் ரயில் நிலையத்தில் அவன் கொடுத்த தாளை அவள் கிழித்துப் போடுவாளே, அப்போது திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் இவர் இல்லை. பின்கட்டில் குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் ஓடியது.

[9:14] தேவி அக்கா: அம்மா, நான் முதலில் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் அந்தப் படம் போடலாம்.

[9:18] செல்வி அத்தை: போடுங்கள். ஆனால் உன் கோபத்தை விட்டுவிடாதே, அது சரியான கோபம். என் படிப்பு போனது போனதுதான். இன்னொன்று, அவளுடைய பழைய காதலனாகக் கார்த்திக் வரும் பகுதியை யாரும் ஓட்டிவிட வேண்டாம். எல்லோரும் அந்தப் பையனைத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதில் தவறில்லை. அவ்வளவு துள்ளலாக ஒருவன் இருந்து இறந்துபோன இடத்தில் இன்னொருவன் வந்து அமைதியாக நிற்பது எத்தனை கடினம் என்று அதைப் பார்த்தால்தான் தெரியும்.

[9:20] தம்பி பிரகாஷ்: அத்தை, ஒரு காட்சியும் வெட்டமாட்டேன். மாமா இதையெல்லாம் படிக்கிறாரா?

[9:21] செல்வி அத்தை: பக்கத்தில்தான் இருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறார்.

[9:26] மாமா: தண்ணீர் குடிக்கப் போனேன்.

[9:27] மாமா: இல்லை. முகம் கழுவப் போனேன்.

[9:29] பெரியம்மா: எனக்கு அன்றே தெரியும் மாப்பிள்ளை.

[9:31] நான்: மாமா, அப்படியானால் 31-ஆம் தேதி மாலை 7:30-க்குப் படம். பிரகாஷ் பட்டர்வொர்த் வந்து உங்கள் இருவரையும் காரில் பாலம் வழியாக அழைத்து வருவான்.

[9:34] மாமா: கார் வேண்டாம். நாங்கள் ஃபெரியில் வருகிறோம். பிரகாஷ் தீவுப் பக்கத் துறையில் வந்து நின்றால் போதும். வரும் வழியில் ஜாதிக்காய் வாங்கவேண்டும்.