அந்த அம்மாவின் மகனுக்காக நான் எப்படிக் கும்பிடுவது?

கேள்வி (கிளிநொச்சி):
11 வருடமாக உளவளத்துணை (கவுன்சிலிங்) வேலை செய்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் 2009இல் பிள்ளையோ கணவனோ காணாமல் ஆக்கப்பட்ட பெண்கள். உடல் கிடைக்கவில்லை, அதனால் அந்தியேட்டி இல்லை, திவசமும் இல்லை.

2017 பெப்ரவரி 20 அன்று இங்கே கந்தசுவாமி கோயில் முன்னால் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள். அதில் இருந்த ஒரு அம்மா (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்) போன மாதம் என்னோடு பேசி முடித்து எழும்பும்போது என் கையைப் பிடித்து, "பிள்ளை, நீயும் கோயிலுக்குப் போறனிதானே, என்ர மகன் வரவேணும் எண்டு ஒருக்கால் கேள்" என்றா. "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சன்னிதியில் நின்றேன், வாய் வரவில்லை. நான் அப்பாவோடு தேவாரம் பாடி வளர்ந்தவள். கேட்டால் முருகன் தருவான் என்பதுதான் எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்தத் தாய்மார் கேட்டதைவிடவா நான் கேட்டுவிடப் போகிறேன்? இரண்டு வருடமாகக் கந்தசட்டி விரதமும் பிடிக்கவில்லை. முருகனில் கோபம் இல்லை, கேட்கத்தான் முடியவில்லை. உங்களுக்கு இப்படி ஆனதா?

பதில் 1 (நாகப்பட்டினம்):
ஆனது, அக்கா. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக்கு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவர்களையும் அலை கொண்டுபோனது. "மாதாவைப் பார்க்க வந்த பிள்ளையை மாதா ஏன் விட்டுட்டா?" என்று ஒருவர் கேட்டார். நான் ஏதோ பதில் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது, இன்றும் உறுத்துகிறது. அப்புறம் பல மாதம் ஜெபமாலையைத் தொடவில்லை. இப்போது தொடுகிறேன். வேண்டுதல் எதுவும் கிடையாது. மணிக்கு ஒரு பெயர், அவ்வளவுதான்.

பதில் 2 (மட்டக்களப்பு):
பிறர் துயரத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவரின் நம்பிக்கைகளும் அசைந்துபோகும் என்று 1990இலேயே உளவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். ஆனால் மேற்பார்வையில் (எங்கள் வேலையைப் பற்றி மூத்தவரோடு பேசும் சந்திப்பில்) என்னிடம் நித்திரை வருகிறதா, களைப்பா என்றுதான் கேட்பார்கள். சாமி கும்பிட முடிகிறதா என்று ஒருவரும் கேட்டதில்லை. நீங்களாகவே அதை அங்கே எடுத்துப் பேசுங்கள், தங்கச்சி. இது நீங்கள் தனியே சுமக்கிற பாரம் இல்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. மணிக்கு ஒரு பெயர் என்றது மனதிலேயே நின்றது. இந்த வெள்ளி போய் அந்த மகனின் பெயருக்கு அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். வேறு எதுவும் கேட்கவில்லை. ஐயர் நட்சத்திரம் கேட்டார், எனக்குத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை அம்மா வருவா, கேட்டு வைக்க வேண்டும்.